பின் கியரின் பிணக்கு

சைக்கிள் சங்கிலியைப் பற்சக்கரம்விட்டுப் பற்சக்கரம் நகர்த்தும் டெரெய்லர் பிணங்கினால், நாம் உடனே திருப்புளியை எடுத்துவிடுகிறோம். அவசரம் வேண்டா. ஒரு சொடுக்கிற்கு ஒரு பற்சக்கரம் என்னும் ஏற்பாட்டை ஷிமானோ நிறுவனம் 1984இல் தன் டியூரா-ஏஸ் கியரில் அமைத்தது. இவ்வகையில் கம்பி சிறிது தளர்ந்தாலும் சங்கிலி தடுமாறும். பெரிய சக்கரத்திற்கு ஏறத் தயங்கினால், கம்பி நுழையுமிடத்து உருளையைப் பின்னின்று நோக்கி இடஞ்சுழியாகக் கால் சுற்றுத் திருப்புவோம். இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாக.

'எச்', 'எல்' திருகுகள் எல்லை வகுப்பவை மட்டுமே. ஆயினும் 'எல்' தளர்ந்திருப்பின், மேட்டில் ஏறுகையில் சங்கிலி ஆரக்கால்களுக்குள் பாய்ந்து நம்மையே வீழ்த்தக்கூடும்.

வண்டி வலப்புறம் விழுந்திருந்தாலோ, டெரெய்லரைத் தாங்கும் காது உள்வளைந்திருக்கலாம். அதனை நிமிர்த்தாமல் எத்திருகைத் திருப்பியும் பயனில்லை.