விமானத்தில் ஒரு பெயர், சம்பளச் சீட்டில் ஒரு பெயர்

(பூந்தமல்லியில் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது. பேச்சு நடையை அதிகம் மாற்றவில்லை.)

தோழர்களே,

என்னைக் கூப்பிட்ட தோழர், "எதைப் பத்தி வேணா பேசுங்க, கவிதை மட்டும் வேணாம்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் விமானத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

சிரிக்கிறீர்கள். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் நாசரேத்பேட்டை, திருப்பெரும்புதூர் பக்கம் குடோனில் லோடு இறக்குகிறவர்கள், பைக்கில் பார்சல் கொண்டுபோகிறவர்கள். மீதிப் பேர் மாணவர்கள். "லட்சத்துல சம்பளம் வாங்குற பைலட் கதை நமக்கு எதுக்கு?" என்று பின்வரிசையில் ஒருத்தர் கேட்டது காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் நம்ம பையன் பைக்கில் தூக்கிக்கொண்டு போகிற அதே பெட்டியைத்தான் அந்த பைலட்டும் ஆகாயத்தில் தூக்கிக்கொண்டு போகிறார். முதலாளி ஒருத்தன்தான். இன்னும் சரியாகச் சொன்னால், ரெண்டு பேருக்கும் அவன் முதலாளி இல்லை என்று சொல்கிறவன் ஒருத்தன்தான்.

அமேசான் கம்பெனி 2016இல் அமெரிக்காவில் சொந்தமாக விமானப் போக்குவரத்து தொடங்கியது. சொந்தம் என்றால் பெயர் மட்டும் சொந்தம். மார்ச் மாதம் ஏடிஎஸ்ஜி என்கிற கம்பெனியோடு ஒப்பந்தம், மே மாதம் அட்லஸ் ஏர் என்கிற கம்பெனியோடு ஒப்பந்தம். ஒவ்வொருவரிடமும் இருபது போயிங் 767. விமானத்தின் உடம்பில் பெரிதாக அமேசானின் பெயர். ஓட்டுகிறவர்களின் சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர். ஏபிஎக்ஸ் ஏர், ஏடிஐ, அட்லஸ். இதில் ஒரு வேடிக்கை, அந்த ரெண்டு கம்பெனிகளிலும் அமேசான் பங்கு வாங்கிக்கொள்ள உரிமை எழுதி வாங்கிக்கொண்டது. ஏடிஎஸ்ஜியில் கிட்டத்தட்ட 20 சதம் வரை. லாபத்தில் பங்கு உண்டு, பைலட் கோரிக்கை வைத்தால் "உங்க கம்பெனிகிட்டப் போய்க் கேளுங்க". நமக்கு இது புதுசா? காண்ட்ராக்ட் முறை என்பதை அம்பத்தூர் எஸ்டேட்டில் நம்ம அப்பன்மார் பார்த்ததுதான். அங்கே ஆகாயத்தில் செய்கிறார்கள், அவ்வளவே.

அதே 2016 நவம்பர் 22ஆம் தேதி ஏபிஎக்ஸ் பைலட்டுகள் சுமார் 250 பேர் வேலையை நிறுத்தினார்கள். நன்றி கூறும் நாள் பண்டிகைக்கு ரெண்டு நாள் முன்பு. அங்கே அது நம்ம தீபாவளி மாதிரி வியாபாரக் காலம். அமேசானுக்கும் டிஎச்எல்லுக்கும் பறக்கிற கம்பெனி அது. கோரிக்கை என்ன? சம்பள உயர்வு இல்லை. ஆள் எடுக்காமல், லீவு நாளில் அவசரம் என்று கூப்பிட்டு ஓட்டச் சொல்கிறீர்கள், அதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய லீவையும் கொடுப்பதில்லை என்பதுதான். அதாவது, ஓய்வு. மறுநாளே சின்சினாட்டியில் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொல்லி உத்தரவு போட்டது. திரும்பினார்கள்.

அட்லஸில் வேறு மாதிரி. பழைய ஒப்பந்தத்துக்குப் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போனது. பைலட்டுகள் வேலைநிறுத்தம் செய்யவில்லை. உடம்பு சரியில்லை என்று லீவு போட்டார்கள், களைப்பு என்று சொன்னார்கள், குறித்த நேரத்துக்கு முன்னால் விமானத்தை எடுக்க மாட்டேன் என்றார்கள். கவனியுங்கள், குறித்த நேரத்தில் எடுப்பதே அங்கே போராட்டம். 2017 நவம்பரில் வாஷிங்டன் நீதிமன்றம் அதற்கும் தடை போட்டது. கடைசியில் 2021 செப்டம்பரில் நடுவர் தீர்ப்பு மூலம் ஒப்பந்தம் வந்தது. சங்கம் பேசி வாங்கியது இல்லை, மூன்றாம் ஆள் எழுதிக் கொடுத்தது.

இதற்கெல்லாம் அடியில் இருக்கிற சட்டம் 1926ஆம் வருடத்து ரயில்வே தொழிலாளர் சட்டம். 1936இல் விமானத்தையும் அதில் சேர்த்தார்கள். சச்சரவைப் பெரிது, சிறிது என்று பிரிக்கும் சட்டம். இருக்கிற ஒப்பந்தத்துக்கு அர்த்தம் சொல்வதில் வருவது சிறிய சச்சரவு, அதற்கு நிறுத்தம் கூடாது. பெரிய சச்சரவு என்றால் மத்தியஸ்தம், காத்திருப்பு, மறுபடி காத்திருப்பு. பைலட்டின் தூக்கம் சிறிய சச்சரவு என்று தீர்ந்தது.

தூக்கத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2009இல் அமெரிக்காவில் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பைலட்டுகளின் ஓய்வுக்கு 2011இல் புதிய விதி எழுதி, 2014 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த விதியில் சரக்கு விமானத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். ஏன்? செலவையும் பயனையும் கணக்குப் போட்டுப் பார்த்தார்களாம், கட்டுப்படியாகவில்லையாம். நான் வங்கியில் கணக்குப் பார்க்கிறவன், இந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. பயணி விமானம் விழுந்தால் நூறு உயிர் பற்றில் ஏறும். பார்சல் விமானம் விழுந்தால் ரெண்டு மூன்று. ஒரே வானம், ஒரே உடம்பு, ஒரே இரவு. பின்னால் என்ன ஏற்றியிருக்கிறது என்பதை வைத்து முன்னால் உட்கார்ந்திருப்பவனின் தூக்கத்துக்கு விலை. 2013 ஆகஸ்டில் பர்மிங்காமில் யுபிஎஸ் சரக்கு விமானம் விழுந்து ரெண்டு பைலட்டும் இறந்தார்கள். காரணங்களில் களைப்பும் ஒன்று என்று விசாரணை சொன்னது.

2019 பிப்ரவரி 23இல் அமேசானுக்காகப் பறந்த அட்லஸ் விமானம் ஹூஸ்டன் அருகே விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். இதையும் களைப்புக் கணக்கில் எழுதிவிட நம்மில் சிலருக்கு ஆசையாக இருக்கும். எழுதக் கூடாது. விசாரணை அறிக்கை துணை பைலட்டின் தவறு என்றது, முந்தைய பயிற்சித் தோல்விகளை அவர் மறைத்ததையும் அதைக் கண்டுபிடிக்க வழி செய்யாத அரசையும் குறை சொன்னது. நம்ம பக்கத்து வாதத்துக்கு வலு வேண்டும் என்று உண்மையை வளைத்தால் நாளைக்கு எதிரி அதை வைத்தே நம்மை அடிப்பான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். அமேசான் ஏர் 2023 ஜனவரியில் ஐதராபாத்தில் தொடக்க விழா நடத்தியது. ஓட்டியது குவிக்ஜெட் என்கிற கம்பெனி. மறுபடி அதே ரெண்டு பெயர். ஐதராபாத், பெங்களூர், டெல்லி, மும்பை என்று அறிவித்தார்கள். சென்னை அந்தப் பட்டியலில் இல்லை. நமக்கு லாரிதான்!

பெயர் என்றதும் சுங்குவார்சத்திரம் ஞாபகம் வரவேண்டும். 2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வெளியே உட்கார்ந்தார்களே, அதில் பெரிய வழக்கே பெயர்தான். சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக் கூடாது என்று நிர்வாகம் நின்றது. உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. கம்பெனி தன் பெயரை விமானத்தில் எழுதும், சட்டையில் எழுதும், பையில் எழுதும். சங்கத்தில் மட்டும் எழுதக் கூடாது. அங்கே எழுதினால் அவன் முதலாளி என்று ஆகிவிடும்.

அடுத்தது வேலையை நிறுத்துகிற உரிமை. 1938இல் பம்பாய் சட்டசபையில் தொழில் தகராறு மசோதா வந்தபோது அண்ணல் அம்பேத்கர் எதிர்த்துப் பேசினார். வேலைநிறுத்தம் என்பது ஓர் ஒப்பந்தத்தை மீறுவதுதான், அதைக் குற்றமாக்கினால் தொழிலாளியை விருப்பத்துக்கு மாறாக வேலை செய்ய வைப்பதாகும், அதற்கு அடிமைத்தனம் என்றுதான் பெயர் என்பது அவர் வாதத்தின் சாரம். பேசியதோடு நிற்கவில்லை, அந்த வருடம் நவம்பர் 7ஆம் தேதி கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார். அண்ணலைச் சாதிக்கு மட்டும், அரசியல் சட்டத்துக்கு மட்டும் என்று பங்கு பிரிக்கிறவர்களுக்கு இந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

அந்த மசோதாவின் பிள்ளைகள் நம்ம ஊரில் நிறைய. 2003இல் தமிழ்நாட்டில் அரசு ஊழியர்கள் சுமார் 1,70,000 பேரை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே கிடையாது என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் சொன்னது. 2021இல் ஆவடி டாங்கி ஃபேக்டரியையும் சேர்த்து நாட்டின் 41 பாதுகாப்புத் தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாக்கினார்கள். எதிர்த்து நிறுத்தம் செய்ய முடியாதபடி அதே வருடம் தனிச் சட்டம் போட்டார்கள். இப்போது தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம். 2020இல் நிறைவேற்றியதை 2025 நவம்பர் 21இல் அமலாக்கினார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தக் கூடாது, கொடுத்த பின்னும் 14 நாள் காத்திருக்க வேண்டும், சமரசப் பேச்சு தொடங்கிவிட்டால் கூடவே கூடாது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு போட்டால் அதுவும் வேலைநிறுத்தம்தான். அட்லஸ் பைலட்டுக்கு நீதிபதி எழுதினதை இங்கே சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

டெலிவரி வேலை செய்கிற தம்பி ஒருத்தர் இதைக் கேட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: "அண்ணே, அப்ப எங்களுக்குத் தடையே இல்லியே. நாங்கதான் தொழிலாளியே கிடையாதே." எவ்வளவு சரியான பேச்சு! சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அவர் கிக் தொழிலாளி. கம்பெனி தன் வருமானத்தில் ஒன்று முதல் ரெண்டு சதம் நலநிதிக்குக் கட்ட வேண்டும். தமிழ்நாடு 2023இல் நலவாரியம் அமைத்தது. 2025இல் அண்ணா நகரில் ஏசி ஓய்வறை கட்டினார்கள். வெயிலில் சுற்றுகிறவனுக்கு அது பெரிய விஷயம்தான், கேலி செய்ய மாட்டேன். ஆனால் நலவாரியம் வேறு, பேரம் பேசுகிற உரிமை வேறு. பைலட்டை நிறுத்த நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. இந்தத் தம்பியை நிறுத்த ஐடியை பிளாக் செய்தால் போதும். தகவலும் வராது, காரணமும் வராது. காலையில் ஆப் திறக்காது.

குடோனுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு 2024இல் மானேசர் சாட்சி. வெயில் கொளுத்திய காலத்தில், குறித்த லாரிகளை இறக்கி முடிக்கும்வரை தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் போகமாட்டோம் என்று தொழிலாளர்களை உறுதிமொழி எடுக்க வைத்ததாகச் செய்தி வந்து, தேசிய மனித உரிமை ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. ஆகாயத்தில் தூக்கம், தரையில் தண்ணீர்.

இனி நமக்குள்ளே பேச வேண்டியது. 1921. பெரம்பூர் பக்கிங்காம், கர்நாடிக் மில் வேலைநிறுத்தம். 1918இல் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் பெரிய சோதனை அது. ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குப் போனார்கள், எம்.சி.ராஜா அவர்கள் பக்கம் நின்றார். புளியந்தோப்பில் கலவரம், குடிசைகள் எரிந்தன, போலீஸ் சுட்டது. அக்டோபரில் போராட்டம் தோற்றது. வெள்ளைக்கார நிர்வாகம் சாதியை வைத்து விளையாடியது உண்மை. ஆனால் விளையாட அங்கே சாதி தயாராக இருந்ததே! நம்ம ஆட்களைக் கருங்காலி என்று எழுதின கைகள், சேரி எரிந்ததை எத்தனை வரியில் எழுதின? பம்பாய் மில்லிலும் இதே கதை. அறுந்த நூலை எச்சில் தொட்டு முடிய வேண்டும் என்பதால் நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவனை விடவில்லை. தடுத்தது முதலாளி மட்டுமில்லை, சக தொழிலாளி.

அதனால் ஒற்றுமை என்று யாராவது மேடையில் சொன்னால், யாருடைய செலவில் என்று கேளுங்கள். நான் குமாஸ்தா. எங்களுக்கு 2024 மார்ச்சில் 12ஆவது இருதரப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது, எனக்குச் சம்பளம் உயர்ந்தது. என் கிளையில் கூட்டுகிற அக்கா ஏஜென்சி வழியாக வருகிறார். எங்கள் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் அவர் எந்தப் பக்கத்தில் இருக்கிறார் என்று கிளைக் கூட்டத்தில் கேட்டேன். "அவங்க நம்ம ஊழியர் இல்லையே தோழர்" என்றார்கள். அமேசான் சொல்கிற அதே வசனம், சங்கத்தின் வாயில்!

அமெரிக்காவில் அப்போது அந்த அட்லஸ், ஏபிஎக்ஸ் பைலட்டுகள் இருந்தது டீம்ஸ்டர்ஸ் என்கிற லாரி ஓட்டுநர் சங்கத்தில். 2022 ஏப்ரலில் நியூயார்க் ஸ்டேட்டன் தீவின் அமேசான் குடோனில் 2,654க்கு 2,131 என்று வாக்கெடுப்பில் ஜெயித்த சங்கமும் 2024இல் அதோடுதான் சேர்ந்தது. பைலட்டும் லோடுமேனும் ஒரே சங்கத்தில் இருக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். முடிந்ததா, அங்கே கருப்பருக்கு அந்தச் சங்கத்துக்குள் என்ன இடம் என்பதெல்லாம் தனிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டியது.

இங்கே நாம் தொடங்கப்போகிற சங்கத்துக்கு ரெண்டு யோசனை வைக்கிறேன். விதிமுறை எழுதும்போது குடோனில் பேக்கிங் செய்கிற பெண்கள், கக்கூஸ் கழுவுகிறவர்கள், ஏஜென்சி ஆட்கள் எல்லோரும் முதல் நாளே உறுப்பினர் என்று எழுதுங்கள், பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நிர்வாகக் குழுவிலும் இடம் எழுதுங்கள். ரெண்டாவது, ஆப்பில் 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று அமுக்கினீர்களே ஒரு ஒப்பந்தம், அதை யாரும் படித்ததில்லை. இங்கிலீஷில் பக்கம் பக்கமாக இருக்கிறது. மாணவத் தோழர்கள் ஆளுக்கு ரெண்டு பக்கம் எடுத்துத் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சேர்த்துப் படிப்போம். ஜெராக்ஸ் செலவு என்னுடையது.

கேள்வி இருந்தால் இப்போதே கேட்டுவிடுங்கள். ஒன்பது மணிக்கு மண்டபத்துக்காரர் விளக்கை அணைத்துவிடுவார்.