அச்சமும் சிறாரும்: ஒரு ஜப்பானியத் தொடரை முன்வைத்து



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தில் சங்கப் பாடலையோ புதுக்கவிதையையோ எடுத்துக்கொள்ளாமல், பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கும் படத்தொடர் ஒன்றைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயினும் அண்மைக் காலத்தில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்ட வினா இதுதான்: “அந்த ‘டீமன் ஸ்லேயர்’ படத்தைப் பிள்ளைகள் பார்க்கலாமா அம்மா?” கேட்டவருள் பலர் என் பழைய மாணவியர். கதையைப் பற்றிய ஐயத்தைக் கதை கற்பித்தவளிடம் கேட்பது முறைதானே. ஆகவே முழுத்தொடரையும் பார்த்தேன். பார்த்ததன் பயனை அவை முன் வைக்கிறேன்.

கொயொஹாரு கொதொகே என்பவர் 2016 முதல் 2020 வரை வார இதழொன்றில் வரைந்த ‘கிமெட்சு நோ யாய்பா’ என்னும் படக்கதையே இதன் மூலம். 2019இல் அது தொடராயிற்று. 2020இல் வெளிவந்த அதன் திரைப்படம் ஜப்பானின் வசூல் வரலாற்றையே மாற்றியது. 2025 செப்டம்பரில் வந்த அடுத்த படம் தமிழ்க்குரலோடு நம்மூர்த் திரையரங்குகளுக்கும் வந்துசேர்ந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய ஜப்பான் கதைக்களம். மலையில் கரி விற்றுத் தாயையும் உடன்பிறந்தாரையும் காக்கும் தஞ்ஜிரோ என்னும் சிறுவன், ஒருநாள் ஊருக்குள் போனவன், இருட்டிவிட்டமையால் முதியவர் ஒருவர் இல்லத்தில் தங்கிவிடுகிறான். விடிந்து வீடு திரும்பினால் குடும்பம் முழுவதும் குருதியில் கிடக்கிறது. எஞ்சியவள் தங்கை நெசுக்கோ ஒருத்தியே, அவளும் பேயாகிவிட்டாள். அவளை மீண்டும் மனுஷியாக்க அவன் வாளெடுக்கிறான். தலைகள் உருள்கின்றன, குருதி பெருகுகிறது. பெற்றோரின் கலக்கம் பொய்யன்று.

இந்தக் கலக்கத்திற்கு அரசுகள் எண்களால் விடை சொல்கின்றன. நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் விதிகள் இணையவழிப் படங்களுக்கு ஏழு, பதின்மூன்று, பதினாறு என அகவை வரம்பு வகுத்தன. 2023இல் திருத்தப்பெற்ற சட்டத்தின்வழித் திரையரங்குப் படங்களுக்கும் அதே வரம்புகள் வந்தன. ஆனால் 2020இன் அந்தத் திரைப்படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்றது ஜப்பான். பதினேழுக்குட்பட்டோர் பெரியவர் துணையின்றி அரங்கினுள் நுழையவே கூடாதென்றது அமெரிக்கா. படம் ஒன்று, குருதியும் ஒன்று. எண் மட்டும் வேறுபடுகிறது. தடை செய்வதும் புதிதன்று. ‘ஷின்-சான்’ என்னும் குறும்புக்காரச் சிறுவனின் தொடரை 2008இல் நடுவணரசு தடை செய்தது. சில வெட்டுகளோடு அது திரும்பி வந்தது. அதனால் குழந்தைகள் ஒழுக்கமடைந்ததாக யாரும் என்னிடம் சொன்னதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1997 டிசம்பரில் ‘போக்கிமான்’ தொடரின் ஒரு பகுதியைப் பார்த்த ஜப்பானியச் சிறார் ஏறத்தாழ எழுநூற்றுவர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே தீங்கு செய்தது கதையன்று. சிவப்பும் நீலமுமாக விரைந்து மின்னிய ஒளி. வெளிச்சமுள்ள அறையில் திரையிலிருந்து தள்ளி அமர்ந்து பாருங்கள் என்ற அறிவிப்பு அதன்பின் ஜப்பானியத் தொடர்களின் தொடக்கத்தில் இடம்பெறலாயிற்று. போர்வைக்குள் கைப்பேசியை முகத்தருகே வைத்துப் பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும்.

இனிக் குருதிக்கு வருவோம். இந்த மாவட்டத்திற்குக் குருதிக்கதை புதியதா? செஞ்சியை அடுத்த மேலச்சேரி தொடங்கி ஊர்தோறும் திரௌபதியம்மன் கோயில்கள். பாரதக் கூத்து இரவு முழுதும் நடக்கும். இறுதியில் படுகளம். மண்ணால் வளர்த்திய பேருருவாகத் துரியோதனன் கிடப்பான். அவன் தொடை பிளக்கப்படும். பாஞ்சாலி குருதி தோய்ந்து கூந்தல் முடிப்பாள். பாட்டியின் மடியிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்த அவையிலேயே பலர் இருக்கிறீர்கள். முதுகலை வகுப்பில் நான் நடத்தும் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் அடுகின்றன. நாம் அதைச் சுவைநயம் என்று எழுதச் சொல்கிறோம். ஆகவே குருதி இருக்கிறது, பேய் இருக்கிறது என்பது மட்டும் ஒரு கதையை விலக்கப் போதிய காரணமாகாது.

ஆனால் கூத்துக்களத்திற்கும் கைப்பேசிக்கும் உள்ள வேறுபாட்டை மறைத்துப் பேசவும் நான் ஒருப்படேன். கூத்தில் அச்சம் முற்றும்போது கட்டியங்காரன் வந்து சிரிக்க வைப்பான். பக்கத்தில் ஊரே அமர்ந்திருக்கும். குழந்தை நடுவில் உறங்கிவிடும். விழித்துக் கேட்டால் கதை சொல்ல ஆளுண்டு. துரியோதனன் வீழ்ந்தபின் அவனுக்காக அழவும் ஆளுண்டு. கைப்பேசியில் ஒரு பகுதி முடியுமுன் அடுத்த பகுதி தானே தொடங்கிவிடுகிறது. அழ நேரமில்லை.

அப்படியாயின் எதைக் கொண்டு அளப்பது? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக நான்கைக் காட்டுவார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. கவிதைக்கு வகுத்ததைப் படத்தொடர்க்குப் பொருத்தலாமா என்று ஆய்வாளர்கள் வினவக்கூடும். பொருத்திப் பார்த்தேன், பொருந்துகிறது.

இத்தொடரில் அணங்கச்சமே மிகுதி. ஆனால் அந்தப் பேய்கள் ஒவ்வொன்றும் முன்னர் மனிதராயிருந்தவை. கைகளே உடலாகிய பேயொன்று தலையிழந்து மறையும் வேளையில் தஞ்ஜிரோ அதன் கையைப் பற்றிக்கொள்கிறான். அது குழந்தையாயிருந்தபோது தமையன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த நினைவு அதற்கு வருகிறது. சிலந்திமலைப் பேயின் உடையை வீரன் ஒருவன் மிதித்து நிற்க, காலை எடுங்கள் என்று இந்தச் சிறுவன் கேட்கிறான். கொன்ற பகையை இகழாதிருக்கக் கற்பிக்கும் கதைகள் சிறாருக்கு எத்தனை கிடைக்கின்றன? ‘ஓனி’ என்னும் ஜப்பானியச் சொல்லை அரக்கன் என்று பெயர்ப்பதைவிடப் பேய் என்று பெயர்ப்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுவதும் இதனால்தான். அரக்கன் அரக்கனாகவே பிறக்கிறான். பேயோ ஒருகாலத்தில் நம் தெருவில் வாழ்ந்தவர்.

இன்னொரு பகுதியையும் சொல்லியாக வேண்டும். தஞ்ஜிரோ தோற்கும் நிலையில் அவன் நினைவுக்கு வருவது தந்தையின் நடனம். நோயால் மெலிந்த அந்தத் தந்தை ஆண்டுப் பிறப்புதோறும் நெருப்புத் தெய்வத்துக்காகக் கொட்டும் பனியில் அந்தி முதல் விடியல் வரை ஆடுவார். இரவு முழுதும் ஆடும் கூத்தையும் தீமிதியையும் அறிந்த நம்மூர்ப் பிள்ளைக்கு அது அயல்நாட்டுக் காட்சியாகவே தோன்றாது.

என்னைக் கலக்கியது நான்காவது அச்சம், இறை. முதற்பருவத்தின் கடைசிப் பகுதியில் பேய்த்தலைவன் முஸான் தன் ஏவலரை அழைத்து விசாரிக்கிறான். பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம். மனத்தில் நினைத்தாலே அறிந்துவிடுகிறான். ஒருவனை மட்டும் விட்டு, மற்றவரை ஒவ்வொருவராகக் கொன்று முடிக்கிறான். பேயை மந்திரத்தால் விரட்டலாம் என்று குழந்தை நம்பும். எந்த விடை சொன்னாலும் அடி விழும் என்பதை, சில வீடுகளிலும் சில வகுப்பறைகளிலும் அது நேரில் அறிந்திருக்கும். சிறு பிள்ளைகளுக்கு நான் விலக்கச் சொல்வது இந்தக் காட்சியையே.

அடுத்தது நகை. செனிட்சு என்னும் இளைஞன் வழியில் கண்ட பெண்ணின் ஆடையைப் பற்றிக்கொண்டு, என்னை மணந்துகொள் என்று அழுது தொல்லை செய்வது நகைச்சுவையாகத் திரும்பத் திரும்ப வருகிறது. கழுத்து வெட்டுப்படும் காட்சிக்குக் கண்ணை மூடச் சொல்லும் தாய்மார், இதைப் பார்த்துப் பிள்ளையோடு சேர்ந்து சிரிக்கிறார்கள். வாளெடுத்துப் பேய் கொல்ல நம் சிறுவன் போகப்போவதில்லை. பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண்ணின் மறுப்பைக் கேட்டுச் சிரிக்க அவனால் இயலும். தஞ்ஜிரோ அவனைக் கடிந்துகொள்கிறான் என்பது ஒரு சிறு ஆறுதல்.

இரண்டாம் பருவத்தின் ஒரு கதை யோஷிவாரா என்னும் பரத்தையர் வீதியில் நடக்கிறது. அறிவிப்பு வந்தபோதே, பிள்ளைகளுக்கு இதை எப்படி விளக்குவது என்று ஜப்பானியப் பெற்றோரிடையே விவாதம் எழுந்தது. மாதவியை வகுப்பில் நடத்தும் நமக்கும் அந்தச் சங்கடம் தெரியும். பதினைந்து, பதினாறு வயதுக்குமுன் அது வேண்டாமென்பேன். மற்றவற்றைப் பத்து வயதுக்குமேல் பெரியவர் ஒருவர் உடனிருந்து பார்க்கலாம். பதின்மூன்றுக்குமேல் தனியே பார்க்கவும் விடலாம்.

இப்படி நான் வகுத்த கணக்குக்குள் அடங்காத ஒரு பிள்ளை உண்டு. திண்டிவனத்தில் வாழும் என் மாணவி ஒருவருக்கு ஒன்பது வயதில் ஒரு மகன். ஈராண்டுக்கு முன் நெடுஞ்சாலை விபத்தில் தந்தையை இழந்தவன். இரத்தப்படம் பார்த்துப் பார்த்துப் பையன் ஊமையாகிவிட்டான், கைப்பேசியைப் பிடுங்கு என்கின்றனர் உறவினர். அம்மாணவி கவனித்துவிட்டு என்னிடம் சொன்னது வேறு. அவன் சண்டைகள் எதையும் பார்ப்பதில்லை. முதற்பகுதியையே பார்க்கிறான். தாய் தஞ்ஜிரோவின் முகத்துக் கரியைத் துடைத்துவிடுகிறாள்; தம்பி தங்கையர் சூழ்ந்துகொள்கின்றனர்; அவன் மலையிறங்குகிறான்; அயலார் வீட்டில் உறங்குகிறான். விடிந்து, வீடு கண்ணுக்குத் தெரியுமுன் பையன் நிறுத்திவிடுகிறான். மீண்டும் முதலிலிருந்து.

வயது வரம்பின்படி அந்தத் தொடர் அவனுக்கு ஆகாது. நானோ பிடுங்க வேண்டாம் என்றேன். “பக்கத்தில் உட்கார்ந்துகொள் அம்மா, ஏன் நிறுத்துகிறாய் என்று மட்டும் கேட்காதே. அடுத்த பகுதி தானாக ஓடாதபடி செய்துவை. என்றேனும் அவனே மேலே ஓடவிட்டால், அன்று நீ சமையலறையில் இருக்கக் கூடாது” என்றேன். மனநல மருத்துவர் ஒருவரையும் பார்க்கச் சொன்னேன், பார்த்து வருகிறார்கள். சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டேன். இன்னும் அந்த இடத்தில்தான் நிறுத்துகிறானாம். ஆனால் இப்போது தாயை அழைத்து உட்காரவைத்துக்கொண்டுதான் தொடங்குகிறானாம்.