மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு பாக்கி
(செவிலியர் தினக் கூட்டத்தில் பேசியது)

செயலாளர் சார் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார். நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் தெரியாது. கணக்கு கொஞ்சம் தெரியும், அதையே பேசுகிறேன்.

நோயைப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். நோயைச் சொல்லி ஒருவரை ஒதுக்குவதை எப்படி அளப்பது? அதற்கும் அளவுகோல் உண்டு. எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக 2001-ல் அமெரிக்காவில் பெர்கர் என்பவரும் சக ஆய்வாளர்களும் 40 வாக்கியங்கள் கொண்ட படிவம் ஒன்று தயாரித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை எண் போட வேண்டும். மொத்தம் 40-க்குக் குறையாது, 160-ஐத் தாண்டாது. பிறகு 2009-ல், ஆப்பிரிக்காவில் ஐந்து நாட்டு நர்சுகளுக்கென்றே 19 கேள்விகளில் ஒன்று வந்தது. அதில் இரண்டு பக்கமும் உண்டு, நம் பற்று வரவு மாதிரி: நர்சுகள் நோயாளிகளை ஒதுக்கினார்களா, நர்சுகளை மற்றவர்கள் ஒதுக்கினார்களா. கோவிட் வந்தபோது இப்படிப்பட்ட படிவங்களைத் திருத்தித்தான் பல இடங்களில் நர்சுகளிடம் கொடுத்தார்கள்.

2020-ஐ உலக சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டாக அறிவித்திருந்தது. மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாமும் பால்கனியில் நின்று கை தட்டினோம். சரியாக ஒரு மாதம். ஏப்ரல் 22 அன்று மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்க அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. கொடுங்காயம் ஏற்படுத்தினால் ஏழு ஆண்டு வரை சிறை. குடியிருக்கும் இடத்தில் தொல்லை கொடுப்பதும் அதில் குற்றம்தான்.

அப்போது நம் பி பிளாக் நான்காவது மாடியில் ஒரு நர்சு வாடகைக்கு இருந்தார். பழையவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அவர் லிஃப்டில் ஏறக்கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது. பொருளாளர் நான். எழுதியது என் கை. இடைவெளி விடுவது வேறு, அது எல்லோருக்கும் பொது. இது அவர் ஒருவருக்கு மட்டும். நைட் டியூட்டி முடிந்து படியேறிப் போவார். யாரும் அவரைத் திட்டவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஜூலையில் காலி செய்தார். மெயின்டனன்ஸ் பாக்கி ஒரு பைசா இல்லாமல் கட்டிவிட்டு, "ரசீது மட்டும் கொடுங்க சார்" என்றார். கொடுத்தேன்.

செப்டம்பரில் எனக்கே கோவிட் வந்தது. ஆம்புலன்சுக்கு லிஃப்டில்தான் இறங்கினேன். ஒருவரும் தடுக்கவில்லை. பதினொரு நாள் என்னைப் பார்த்துக்கொண்டது நர்சுகள்.

அந்த 19 கேள்விகளை நம் கட்டிடத்தை வைத்து அவரிடம் கேட்டிருந்தால் என்ன எண் போட்டிருப்பார்? கூட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தத் தீர்மானம் இன்றுவரை ரத்தாகவில்லை. மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் ரத்து செய்ய நான் முன்மொழிகிறேன். வழிமொழிய ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் இன்றே பெயர் கொடுங்கள்.