பாட்டால் கூட்டம் சேர்த்தவர்: தோழர் கே.பி.ஜானகியம்மாள்

(மார்ச் 1 நினைவு நாள் கூட்டத்தில் நம் ஐடி பிரிவுத் தோழர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு மேடைப் பழக்கம் கிடையாது. இன்ஜினியரிங் முடிச்சிட்டு நம்ம பக்கத்துக்கு போஸ்டர் டிசைன் பண்றேன், வீடியோ எடிட் பண்றேன். போன வாரம் ஜானகியம்மாள் நினைவு நாளுக்கு ஒரு வீடியோ போடச் சொன்னாங்க. படம் கிடைச்சுது, தேதிகள் கிடைச்சுது. பின்னணிக்கு என்ன மியூசிக் வைக்கலாம்னு தேடும்போதுதான் உறைச்சுது. பாட்டு பாடியே கூட்டம் சேர்த்த ஒரு தலைவருக்கு, நெட்ல சும்மா கிடைக்கிற ஒரு மியூசிக்கையா வைக்கிறது?

1917-ல் மதுரையில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சின்ன வயதிலேயே தாயை இழந்தார், பாட்டி வளர்த்தார். படிப்பு பாதியில் நின்றது. ஆனால் குரல் இருந்தது. மாதம் 25 ரூபாய் சம்பளத்துக்கு நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர், பிறகு ஒரு நாடகத்துக்கே 300 ரூபாய் வாங்கும் அளவுக்கு வளர்ந்தார். அந்தக் காலத்து 300 ரூபாய்! கணவர் குருசாமி ஹார்மோனியக் கலைஞர்.

அன்றைய நாடகம் என்றால் விடிய விடியப் பாட்டு. கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஜனம் வருவது குரலைக் கேட்க. அந்த மேடையில் முருகனாக வந்து சுதந்திரப் பாட்டு பாடியவர் தியாகி விஸ்வநாததாஸ். அதற்காகவே பலமுறை சிறைக்குப் போனவர். போலீஸ் ஒரு பக்கம் என்றால் சாதி இன்னொரு பக்கம். அவர் முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவருக்கு ஜோடியாக நடிக்க நடிகைகள் மறுத்தார்கள். முருகன் வேஷம் போட்டாலும் சாதி விடவில்லை, பாருங்க! ஜானகியம்மாள் அவரோடு வள்ளியாக மேடை ஏறினார். தொழில் கெட்டுப்போகும் என்று கணக்குப் போட்டிருந்தால் மறுத்திருக்கலாம். எனக்கு அவர் வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

காங்கிரஸ், காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சி, 1940-ல் கம்யூனிஸ்ட் கட்சி. இரண்டாம் உலகப்போரை எதிர்த்துப் பிரச்சாரம் செய்ததற்காக இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தில் கைது. தென்னிந்தியாவில் அந்தச் சட்டத்தில் கைதான முதல் பெண் அவர்தான். எல்லா ஊருக்கும் மைக் வராத காலம் அது. முதலில் அம்மா பாடுவார், ஜனம் கூடும், அப்புறம் அரசியல். நாம இன்னைக்கு 'ரீச்'னு சொல்றோமே, அது அவருக்குத் தொண்டையில் இருந்தது. நாடகத்தில் சம்பாதித்த நகை, பட்டுச்சேலை எல்லாம் இயக்கத்துக்காக விற்பனைக்குப் போனது.

1967-ல் மதுரை கிழக்குத் தொகுதி எம்.எல்.ஏ. எழுபதுகளில் தோழர் பாப்பா உமாநாத்தோடு சேர்ந்து ஜனநாயக மாதர் சங்கத்தைத் தொடங்கினார். மதுரைத் தோழர்களுக்கு அவர் கடைசி வரை "அம்மா"தான். 1992 மார்ச் 1-ல் மறைந்தார்.

அந்த வீடியோவைப் பின்னணி இசை இல்லாமலேயே போட்டிருக்கேன். சவுண்டு வரலைன்னு நாலு பேர் மெசேஜ் பண்ணிட்டாங்க. உங்க போன்ல கோளாறு இல்ல தோழர்களே, வேணும்னேதான் அப்படி விட்டேன்.

ஒரு வேலை மட்டும் கேட்கிறேன். 67-ல் ஓட்டுப் போட வயது 21. அவருக்கு அன்னைக்கு ஓட்டுப் போட்டவங்களுக்கு இப்போ எண்பதுக்குப் பக்கம் இருக்கும். மதுரைப் பக்கம் உங்க வீட்டிலோ தெருவிலோ அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தா, பக்கத்துல உட்கார்ந்து கேளுங்க: அம்மா எங்கே பாடினாங்க, என்ன பாட்டு, மெட்டு ஞாபகம் இருக்கா? ரெண்டு வரி முனகினாலும் போதும், போன்ல பதிவு பண்ணி நம்ம பக்கத்துக்கு அனுப்புங்க. சத்தம் தெளிவா இல்லைன்னாலும் பரவாயில்ல, அதைச் சரிபண்றது என் வேலை. அடுத்த மார்ச் 1 வீடியோவுக்கு அந்தக் குரல்களைத்தான் வைக்கப் போறேன்.