தோற்றவர்கள் மறுநாள் காலையில் என்ன செய்வார்கள்? – ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் வரலாறு



2014-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். காவிரிக் கரையிலுள்ள ஓர் ஊரின் பள்ளியில் நான் தலைமையாசிரியனாக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை இறைவணக்கக் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி செய்திகளை வாசித்தாள். பிரிட்டனிலிருந்து பிரிவதில்லை என்று ஸ்காட்லாந்து மக்கள் வாக்களித்தனர் என்பது அவற்றுள் ஒன்று. கூட்டம் கலைந்தபின் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் என் அருகே வந்தான். “ஐயா, பிரிய வேண்டும் என்று வாக்களித்தவர்கள் பதினாறு லட்சம் பேராமே, தோற்றுப்போன அவர்கள் மறுநாள் காலையில் என்ன செய்வார்கள்?” என்று கேட்டான். “பல் துலக்குவார்கள்” என்றேன். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தனர். அவன் சிரிக்கவில்லை.

அன்று மாலைதான் வகுப்பாசிரியர் சொல்ல ஒன்றை அறிந்தேன். அதற்கு முந்தைய வாரம் வகுப்புத் தலைவர் தேர்தலில் அவன் மூன்றே வாக்குகளில் தோற்றிருந்தான். அவன் கேட்டது ஸ்காட்லாந்தைப் பற்றி மட்டும் அன்று. கேள்வியின் உள்ளே நின்ற பிள்ளையைக் காணாமல் நகையாடி அனுப்பியது, என் ஆசிரியப் பணியில் நான் செய்த பிழைகளுள் ஒன்று. அன்று சொல்லத் தவறிய விடையை இன்று உங்கள் எல்லோருக்குமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஸ்காட்லாந்து மிகப் பழைய தனி நாடு. 1603-இல் அதன் மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் முடியையும் ஏற்றார். அரசர் ஒருவர், பாராளுமன்றங்கள் இரண்டு என்ற நிலை ஒரு நூற்றாண்டு நீடித்தது. 1698-இல் ஸ்காட்லாந்தினர் பனாமாப் பகுதியிலுள்ள டேரியன் என்னுமிடத்தில் குடியேற்றம் அமைக்க முயன்று, பெரும் பொருளையும் பல உயிர்களையும் இழந்தனர். அந்த நெருக்கடியும் ஒரு காரணமாக, 1707 மே முதல் நாள் இரு நாடுகளும் ஒரே பாராளுமன்றத்தின்கீழ் இணைந்தன. ஆயினும் சட்டமுறை, திருச்சபை, கல்வி ஆகியவை ஸ்காட்லாந்துக்கே உரியனவாக நின்றன. ஆகவே, தாம் தனி மக்கள் என்ற உணர்வு அங்கே அணையவில்லை.

அப்படியானால் பிரிவினை கோரும் கட்சி உடனே ஏன் எழவில்லை? விடையின் ஒரு பகுதி நம் சென்னையிலேயே நிற்கிறது. தீவுத்திடலில் குதிரைமீது அமர்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோவின் சிலையை உங்களிற் பலர் கண்டிருப்பீர்கள். 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த அவர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். இணைப்பினால் பேரரசின் வாயில் ஸ்காட்லாந்தினருக்குத் திறந்தது. பதவியும் வாணிகமும் கிடைத்த காலத்தில் பிரிவினைப் பேச்சுக்குச் செவிசாய்ப்போர் சிலரே. முதல் உலகப் போருக்குப்பின் கப்பல் கட்டும் தொழிலும் நிலக்கரித் தொழிலும் நலிந்து, வேலையின்மை பெருகியபோது காற்று திசை மாறியது.

1928-இல் ஸ்காட்லாந்துத் தேசியவாதிகள் ஒரு கட்சியை அமைத்தனர். அதற்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர் ஜான் மெக்கார்மிக். அவர் அப்போது கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இளைஞர். அக்கட்சியும் 1932-இல் எழுந்த மிதவாதக் கட்சியொன்றும் 1934-இல் ஒன்றாயின. அவ்வாறு பிறந்ததே ஸ்காட்லாந்து தேசியக் கட்சி.

அதன் முதல் வெற்றி 1945 ஏப்ரலில் வந்தது. மதர்வெல் தொகுதி இடைத்தேர்தலில் ராபர்ட் மெக்கின்டயர் என்னும் மருத்துவர் வென்றார். போர்க்காலமாதலின் பெருங்கட்சிகள் ஒன்றையொன்று எதிர்ப்பதில்லை என்று உடன்பாடு செய்திருந்தன; அது அவருக்கு உதவிற்று. சில மாதங்களில் பொதுத்தேர்தல் வந்தது. அவர் தோற்றார். கட்சிக்குப் பாராளுமன்றத்தில் இருந்த ஒரே இடமும் போயிற்று.

இதற்கிடையே, 1942-இலேயே கட்சியைவிட்டு விலகிய மெக்கார்மிக் வேறொரு வழியை நாடினார். தேர்தலில் நிற்பதைவிட மக்களிடம் கையொப்பம் திரட்டுவதே நன்று என்று அவர் எண்ணினார். ஸ்காட்லாந்துக்கென ஒரு பாராளுமன்றம் வேண்டும் என்னும் உறுதிமொழிப் பத்திரம் 1949-இல் வெளியாயிற்று. அதில் ஏறத்தாழ இருபது லட்சம் பேர் கையொப்பமிட்டதாகக் கணக்கிட்டனர். சிறிய நாட்டில் இது வியத்தகு தொகையே. ஆயினும் லண்டன் அரசு அசையவில்லை. ஏன்? கையொப்பமிட்ட கை, தேர்தலன்று வழக்கமான பெருங்கட்சிகளுக்கே வாக்களித்தது. கையொப்பத்தால் எவருடைய பதவியும் போய்விடவில்லை. நாம் விரும்புவதாகச் சொல்வது ஒன்று. அதன்பொருட்டு நம் வழக்கத்தை மாற்றிக்கொள்வது மற்றொன்று. அரசியல்வாதிகள் இவ்வேறுபாட்டை நன்கு அறிவர்.

உங்களைப் போன்ற மாணவர்கள் சிலர் செய்த ஒரு செயலையும் இங்கே கூறவேண்டும். ஸ்காட்லாந்து மன்னர்கள் முடிசூடிய பழங்கல் ஒன்றை 1296-இல் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் எடுத்துச் சென்றார். அக்கல் லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் இருந்தது. 1950 கிறிஸ்துமஸ் நாளின் விடியற்பொழுதில் மூன்று இளைஞரும் ஒரு பெண்ணும், மாணவர் நால்வராகச் சேர்ந்து அதனைக் கவர்ந்து சென்றனர். 150 கிலோவுக்கு மேற்பட்ட அந்தக் கல் எடுக்கும்போதே இரண்டாகியது. 1951 ஏப்ரலில் அதனை ஆர்ப்ரோத் தேவாலயத்தின் இடிபாடுகளில் வைத்துச் சென்றனர். அரசு அதனை லண்டனுக்குத் திரும்பக் கொண்டுபோயிற்று, வழக்குத் தொடரவில்லை. நாடெங்கும் கைதட்டினார்கள். ஆனால் 1955 பொதுத்தேர்தலில் தேசியக் கட்சி இரண்டே இரண்டு தொகுதிகளில்தான் வேட்பாளரை நிறுத்த முடிந்தது. கைதட்டலும் கையொப்பத்தைப் போன்றதே. அக்கல்லை 1996-இல் அரசே முறைப்படி ஸ்காட்லாந்துக்கு அனுப்பிவைத்தது.

வீரச் செயலுக்கும் கையொப்பத்துக்கும் கிட்டாத பயன், தெருத்தெருவாக நடந்து சென்று வாக்குக் கேட்டவர்களுக்குக் கிட்டியது. 1967 நவம்பரில் ஹாமில்டன் தொகுதி இடைத்தேர்தலில் வின்னி யூவிங் என்னும் வழக்கறிஞர் அம்மையார் வென்றார். 1970-இல் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலில் பெரிய எண்ணெய் வயல் கண்டறியப்பட்டது. அந்த எண்ணெய் ஸ்காட்லாந்துக்கே உரியது என்று கட்சி முழங்கியது. 1974 அக்டோபர் தேர்தலில் அக்கட்சி 11 இடங்களைப் பெற்றது. ஸ்காட்லாந்தில் நூற்றுக்கு முப்பது வாக்குகள் அதற்கு விழுந்தன. அசையாதிருந்த லண்டன் அசைந்தது. முழு விடுதலை அன்று. வரையறுத்த அதிகாரமுள்ள ஒரு பேரவை தரலாம் என்று சட்டம் இயற்றி, 1979 மார்ச் முதல் நாள் மக்களின் கருத்தைக் கேட்டது.

அந்த வாக்கெடுப்பை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். நூறு வாக்காளர் உள்ள ஊர் என்று கொள்ளுங்கள். ‘வேண்டும்’ என்றவர் 33 பேர். ‘வேண்டாம்’ என்றவர் 31 பேர். வீட்டிலேயே இருந்துவிட்டவர் 36 பேர். வென்றவர் யார்? ‘வேண்டும்’ என்றவரே என்பீர்கள். ஆனால் மொத்த வாக்காளரில் நூற்றுக்கு நாற்பது பேராவது ‘வேண்டும்’ என்றால்தான் செல்லும் என்ற விதியைப் பாராளுமன்றம் முன்னரே சேர்த்திருந்தது. ஆகவே கூடுதல் வாக்குப் பெற்ற பக்கம் தோற்றதாயிற்று.

சினம் மூண்டது. தேசியக் கட்சியினர் அரசுக்கு எதிராக வாக்களித்தனர். மார்ச் 28-ஆம் நாள் அரசு ஒரே வாக்கில் கவிழ்ந்தது. அடுத்து வந்த பொதுத்தேர்தலில் அக்கட்சியின் 11 இடங்கள் இரண்டாகக் குறுகின. தோல்வியின் மறுநாள் அவர்கள் நன்றாக நடந்துகொள்ளவில்லை என்பதையும் நான் மறைக்கலாகாது. ஒருவரையொருவர் குறைகூறினர், கட்சிக்குள் குழு முளைத்தது, 1982-இல் சிலர் வெளியேற்றப்பட்டனர். அவ்வாறு வெளியேற்றப்பட்டவர்களுள் ஓர் இளைஞர் அலெக்ஸ் சால்மண்ட். பின்னர் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டு, 1990-இல் கட்சித் தலைவரானார்.

1997 செப்டம்பரில் மீண்டும் மக்களைக் கேட்டார்கள். இம்முறை நாற்பது விதி இல்லை. வாக்களித்தோரில் நூற்றுக்கு எழுபத்து நான்கு பேர் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் வேண்டும் என்றனர். 1999 மே 12-ஆம் நாள் அது கூடியபோது, வயதில் மூத்த உறுப்பினர் என்ற முறையில் அவைக்குத் தலைமை தாங்கியவர், முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஹாமில்டனில் வென்ற அதே யூவிங் அம்மையார். 1707 மார்ச் 25-இல் ஒத்திவைக்கப்பட்ட ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் இப்போது மீண்டும் கூடுகிறது என்று அவர் அறிவித்தார். 292 ஆண்டுகளை ஓர் இடைவேளையைப்போலக் கருதிய அச்சொல்லில் எத்துணைப் பொறுமை இருந்தது, பாருங்கள்!

அந்த அவையில் தேசியக் கட்சி எட்டாண்டுகள் எதிர்க்கட்சியாக இருந்தது. 2007-இல் 47 இடங்களுடன், 46 பெற்ற தொழிற்கட்சியை ஓரிடத்தால் முந்தி ஆட்சிக்கு வந்தது. 2011-இல் 129 இடங்களில் 69 பெற்றது. அதன்பின் 2012 அக்டோபரில் முதல் மந்திரி சால்மண்டும் பிரிட்டிஷ் பிரதமர் டேவிட் கேமரனும் எடின்பரோவில் உடன்படிக்கை செய்தனர். வாக்கெடுப்பு நடக்கும், முடிவு எதுவாயினும் இரு தரப்பும் மதிக்கும் என்பது அதன் சாரம்.

கேள்வியின் சொற்களைக்கூட எடைபோட்டார்கள். ‘ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்று கேட்கவே ஸ்காட்லாந்து அரசு முதலில் எண்ணியது. ‘ஒப்புக்கொள்கிறீர்களா’ என்ற சொல் மக்களை ஒரு பக்கம் சாய்க்கும் என்று தேர்தல் ஆணையம் சுட்டிக்காட்டியது. ‘ஸ்காட்லாந்து தனி நாடாக வேண்டுமா?’ என்று கேள்வி மாறியது. பதினாறு வயது நிரம்பியோர் யாவரும் வாக்களிக்கலாம் என்றும் விதித்தனர். உங்களிற் பலருடைய வயது அது.

2014 செப்டம்பர் 18-இல் நூற்றுக்கு எண்பத்து நான்கு பேருக்கு மேல் வாக்களித்தனர். ‘வேண்டும்’ என்றவர் 16,17,989 பேர். ‘வேண்டாம்’ என்றவர் 20,01,926 பேர்.

இனி அம்மாணவனின் கேள்விக்கு வருவோம். மறுநாள் சால்மண்ட் தோல்வியை ஏற்றார். பதவி விலகப்போவதாகவும் அறிவித்தார். தோற்ற கட்சியில் சேர மக்கள் திரண்டனர். ஏறத்தாழ 25,000 ஆக இருந்த உறுப்பினர் தொகை, 2015 மார்ச்சுக்குள் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அவ்வாண்டு மே மாதப் பொதுத்தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 தொகுதிகளில் 56-ஐ அக்கட்சி வென்றது.

வரலாறு இங்கே முடிந்துவிட்டால் கதைக்கு அழகாக இருக்கும், ஆனால் முடியவில்லை. 2014 வாக்கெடுப்பு ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வாய்ப்பது என்று அக்கட்சித் தலைவர்களே பேசியிருந்தனர். 2016-இல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலக முடிவு செய்தது. ஸ்காட்லாந்தில் நூற்றுக்கு அறுபத்திரண்டு பேர் விலக வேண்டாம் என்றே வாக்களித்திருந்தனர். நிலைமை மாறிவிட்டது, மீண்டும் கேளுங்கள் என்றது கட்சி. சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள் என்றனர் எதிர்த்தோர். இரு பக்கமும் நியாயம் உண்டு. லண்டனின் இசைவின்றி ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் வாக்கெடுப்பு நடத்த இயலாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்சி அதற்குக் கட்டுப்பட்டது. 2024 பொதுத்தேர்தலில் 57 தொகுதிகளில் ஒன்பதே அதற்குக் கிடைத்தன.

ஸ்காட்லாந்து பிரியவேண்டுமா, இணைந்திருக்க வேண்டுமா என்பதை அந்நாட்டு மக்கள் தீர்த்துக்கொள்வார்கள். அதைச் சொல்ல நான் யார்? நான் உங்கள் முன் வைக்க விரும்புவது வேறு. தோற்றவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. எண்ணிக்கைக்குக் கட்டுப்படுவது ஒன்று. உண்மையென நம்பிய கருத்தைக் கைவிடாதிருப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் சேர்த்துச் செய்வது கடினம். முதலாவதை விட்டவர் வன்முறைக்குப் போகிறார். இரண்டாவதை விட்டவர் மூலையில் உட்கார்ந்துவிடுகிறார். வென்றவருக்கும் ஒரு கடமை உண்டு. மாற்றுக் கருத்தினர் நாளை மீண்டும் வந்து கேட்கும் கதவை அவர் அடைக்கலாகாது. கதவு திறந்திருக்கும் என்று நம்புகிறவரையில்தான் தோற்றவர் தெருவில் கல்லெடுக்காமல் வாசலில் காத்திருப்பார்.

அந்த மாணவன் அவ்வாண்டு முழுவதும் எந்த மன்றத்திலும் பெயர் கொடுக்கவில்லை என்று பின்னர் அறிந்தேன். அவனை அழைத்துப் பேசியிருக்கலாம். தேர்வு வேலைகளில் நாள்கள் ஓடிவிட்டன. அவன் இன்று எங்கிருக்கிறானோ, இவ்வுரை அவன் செவிக்கு எட்டுமோ, அறியேன். எட்டினால் அவனுக்கு என் விடை இது: தம்பி, தோற்றவர்கள் மறுநாள் காலையில் எழுந்து, தமக்கு வாக்களிக்காதவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, ஏன் அளிக்கவில்லை என்று பணிவோடு கேட்பார்கள், அவர்கள் சொல்லும் விடையைப் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்கள்.