செஞ்சிக் கோட்டையும் வெடிமருந்தும்

செஞ்சி என்ற பெயரைக் கேட்டவுடனே தேசிங்கு ராஜனும் அவனுடைய குதிரையும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. 1714ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபின் படையை எதிர்த்து உயிர்நீத்த அந்த இளவீரனின் கதையைத் தமிழ்நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடி வந்திருக்கின்றனர். ஆனால், மாணவ நண்பர்களே, நான் இன்று பேச எடுத்துக்கொண்டது வீரர்களைப் பற்றியன்று, கருவிகளைப் பற்றி. மனிதன் ஒரு புதிய கருவியைக் கண்டுபிடிக்கிறான். பிறகு அந்தக் கருவி அவனுடைய ஊரையும் அரசையும் வாழ்க்கை முறையையும் மாற்றிவிடுகிறது. உலக சரித்திரம் முழுவதும் காணப்படும் இவ்வுண்மையை நமக்குக் கல்லிலே காட்டும் இடம் செஞ்சி.

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் செஞ்சியை நெருங்கும்போது, யாரோ கொண்டுவந்து குவித்தாற்போன்ற பாறைக் குன்றுகள் தென்படும். அவற்றுள் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் இணைத்து, ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்திற்கு மதில் எழுப்பியிருக்கிறார்கள். ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. அதன் உச்சிக்கு ஏறும் வழியில் பாறை திடீரென்று பிளந்து நிற்கிறது. அந்தப் பிளவின்மேல் அமைந்த பாலத்தை நீக்கிவிட்டால், உச்சியில் இருக்கும் ஒரு சிலரே பெரும்படையைத் தடுத்துவிடலாம். வில்லும் வேலும் ஏணியும் யானையுமே போர்க்கருவிகளாக இருந்த காலத்தில், இத்தகைய கோட்டையை உடையவனே அந்நாட்டை உடையவன். சமவெளியில் பயிரிடும் உழவனின் வரி, மலைமேல் இருப்பவனிடம் சென்று சேர்ந்தது. கோட்டை என்னும் கண்டுபிடிப்பு சமுதாயத்தை அமைத்த விதம் அது.

மதில் மட்டும் கோட்டையைக் காத்துவிடாது. முற்றுகையிடுவோனின் முதல் நம்பிக்கை, உள்ளே இருப்பவர்களின் பசியும் தாகமும் ஆகும். இதை உணர்ந்தே செஞ்சியை ஆண்டவர்கள் பெரிய நெற்களஞ்சியங்களைக் கட்டினார்கள், வற்றாத சுனைகளைப் போற்றினார்கள், குளங்களை வெட்டினார்கள். கல்யாண மகால் என்று வழங்கும் கட்டடத்தின் மேல்தளங்களுக்கு, தொலைவிலிருந்த நீர்நிலையிலிருந்து சுட்ட மண் குழாய்களின் வழியே நீர் கொண்டுவரப்பட்டது. உயரத்தில் தேங்கிய நீர், மூடிய குழாயினுள் தன் மட்டத்தைத் தேடித் தானே ஏறும் என்ற எளிய இயற்கை விதியை அக்காலத்துத் தொழிலாளர்கள் அறிந்து பயன்படுத்தினார்கள். செஞ்சியைப் பார்க்கச் செல்லும் எவரும் பீரங்கிகளைக் கண்டு வியப்பதுண்டு. என்னைக் கேட்டால், அந்த மண் குழாய்களின் முன்னேதான் அதிக நேரம் நிற்கவேண்டும் என்பேன்.

இனி வெடிமருந்துக்கு வருவோம். அது சீனாவில், ஏறத்தாழ 9ஆம் நூற்றாண்டில் அறியப்பட்டது. அங்கிருந்து மெல்ல மெல்ல மேற்கு நோக்கிப் பரவியது. ஆயிரம் ஆண்டுகளாகப் பகைவரைத் தடுத்து நின்ற கான்ஸ்டான்டினோபிள் நகரின் மதில்களை 1453இல் துருக்கிய சுல்தானின் பெரும்பீரங்கிகள் சிதைத்தன. 1526இல் பானிபட்டில் பாபர் பீரங்கிகளைத் திறம்படக் கையாண்டு, தம்மினும் பெரிய படையை வென்றார். உயர்ந்த மதிலே அரண் என்றிருந்த நிலை எங்கும் ஆட்டம் கண்டது.

செஞ்சியும் இந்த மாறுதலுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. நாயக்க மன்னர்களிடமிருந்து கோட்டை 1649இல் பீஜப்பூர் சுல்தானிடம் சென்றது. 1677இல் அதனைக் கைப்பற்றிய சிவாஜி, அரண்களை மேலும் வலுப்படுத்தினார். அதன் பயன் சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் தங்கியிருந்தபோது, அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690இல் வந்து முற்றுகையிட்டார். அவரிடம் பீரங்கிகள் இல்லாமல் இல்லை. எனினும் கோட்டை விழுந்தது 1698இல்தான். அதற்கு முன்பே ராஜாராம் தப்பிச் சென்றுவிட்டார். இடையில், முற்றுகையிட்டவர்களையே மராட்டியக் குதிரைப்படை வளைத்துக்கொண்டு, உணவு கிடைக்காமல் செய்து, அவர்கள் வந்தவாசிக்குப் பின்வாங்கும்படி செய்ததும் உண்டு. பீரங்கி இருந்தால் மட்டும் போதாது. அதற்குச் சோறும் பாதையும் ஒற்றுமையும் வேண்டும் என்பதே இதனால் விளங்கும் பாடம்.

அதே 1690இல், சரித்திர மாணவர் மறக்கக்கூடாத மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. கடலூருக்கு அருகிலுள்ள தேவனாம்பட்டினக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ராஜாராமின் அரசிடமிருந்து விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரவேண்டும் என்று அளப்பதற்குக் கோலோ கயிறோ கொள்ளவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதற்குள் அடங்கும் கிராமங்களெல்லாம் கம்பெனிக்கு உரியவை என்பது உடன்படிக்கை. கம்பெனியார் சென்னையிலிருந்து ஒரு பெரிய பீரங்கியைத் தருவித்து, நாற்புறமும் சுட்டு எல்லை வகுத்தார்கள். அந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்ற பெயர் ஏற்பட்டது. விற்றவரிடமும் பீரங்கி உண்டு. வாங்கியவரிடமும் பீரங்கி உண்டு. ஒருவருக்கு அது வெடிக்கும் கருவி மட்டுமே. மற்றவருக்கோ நிலத்தை அளக்கும் கோலும் அதுவே ஆயிற்று. உழுதுகொண்டிருந்த குடியானவன், தலைக்கு மேலே பறந்த ஒரு குண்டினால் வேறோர் அரசின் குடியாக மாறினான்!

அடுத்த அறுபது ஆண்டுகளில் இந்த வேற்றுமை இன்னும் வெளிப்படையாயிற்று. 1746இல் அடையாற்றங்கரையில், சில நூறு பேரே கொண்ட பிரெஞ்சுப் படை, ஆர்க்காட்டு நவாபின் பல்லாயிரவர் கொண்ட படையைச் சிதறடித்தது. 1750 செப்டம்பர் மாதத்தில், திருவதிகைப் பக்கத்தில் தோற்ற முகமது அலியின் படையினர் செஞ்சியில் புகலடைந்திருந்தார்கள். புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி இரவிலே வந்தார். வாயிற்கதவில் வெடியைப் பொருத்திப் பிளந்து உள்ளே புகுந்தார். அவருடைய வீரர்கள் இருளிலேயே மூன்று குன்றுகளின்மீதும் ஏறினார்கள். பொழுது விடிந்தபோது செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. முன்பு ஏழு ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்த அதே கோட்டை, அதே மதில், அதே பாறை. இப்போது தாங்கியது ஓர் இரவு!

இதன் காரணம் யாது? வெடிமருந்து புதிதன்று, இரு தரப்பாரிடமும் அது இருந்தது. புதியது, அதைச் சுற்றி அமைந்த ஒழுங்கு. ஒரே குரலுக்கு ஒரே சமயத்தில் சுடும் பயிற்சி, விரைந்து இழுத்துச் செல்லக்கூடிய இலேசான பீரங்கி, தோல்வியால் மனம் தளர்ந்த எதிரியைத் தாக்கவேண்டிய வேளையை அறியும் அறிவு - இவையே வென்றன. அந்தப் படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடலாகாது. ஆற்றல் பிறப்பினால் வருவதன்று, பயிற்சியினால் வருவது என்பதற்கு அவர்களே சான்று. கருவி ஒருவனிடமிருந்து மற்றொருவனுக்கு ஒரே நாளில் கைமாறிவிடும். அதனைக் கையாளும் அறிவும் ஒழுங்கும் அப்படிக் கைமாறுவதில்லை. அவற்றை உழைத்தே பெறவேண்டும்.

செஞ்சியின் பெருமையை முடித்துவைத்தது பீரங்கி மட்டும் அன்று. கடலைக் கடக்கும் கப்பல், ஆட்சியின் இடத்தையே மலையிலிருந்து கடற்கரைக்கு மாற்றியது. சென்னையும் புதுச்சேரியும் வளர்ந்தன, செஞ்சி தேய்ந்தது. செஞ்சியின் கோயில் தூண்கள் சில புதுச்சேரிக் கடற்கரைக்கே கொண்டுசெல்லப்பட்டு இன்றும் அங்கே நிற்கின்றன. 1761இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னையிலிருந்து தெற்கே இருப்புப்பாதை போட்டபோது, அது திண்டிவனம், விழுப்புரம் வழியாகச் சென்றது, செஞ்சியைத் தொடவில்லை. ஒரு காலத்தில் அரசர்கள் போரிட்டுப் பெற்ற ஊர், புகைவண்டி நிற்காத ஊராயிற்று.

2025இல் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற மராட்டியக் கோட்டைகள் பன்னிரண்டனுள் செஞ்சியும் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து அவ்வரிசையில் இடம்பெற்றது அது ஒன்றே. நீங்கள் அங்கே செல்லும்போது மதிலின் உயரத்தை மட்டும் கண்டு திரும்பிவிடாதீர்கள். ஒவ்வொரு கல்லையும் வைத்தவன் எந்தக் கருவிக்கு அஞ்சி வைத்தான் என்று கேளுங்கள். பின்னர், நம் காலத்துக் கருவிகளை நினைத்துப் பாருங்கள். அவற்றை விலை கொடுத்து வாங்குவதோடு நின்றுவிடுகிறோமா, அன்றி அவற்றின் உள்ளியல்பை அறிந்து, ஆக்கவும் திருத்தவும் கற்கிறோமா? குண்டு போய் விழும் எல்லையை வகுத்தவர்கள், பீரங்கியை வைத்திருந்தவர்கள் அனைவரும் அல்லர். அதை நன்கு அறிந்தவர்களே.