வீட்டுக்குப் போன இயந்திரத்தை மறக்காதீர்கள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வீட்டு உபயோகப் பொருட்களில் இருக்கும் மென்பொருளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் கால் மணி நேரம்தான் இருக்கிறது. எனவே நேரே என் தவறுக்கே வந்துவிடுகிறேன்.

இங்கிருந்து போய் ஒரு வாஷிங் மெஷின் கம்பெனியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். அந்த மெஷினின் போர்டுக்குப் புரோகிராம் எழுதியவன் நான். கரண்ட் போய்த் திரும்பி வந்தால், தொட்டித் தண்ணீரை வெளியேற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்கும்படி எழுதியிருந்தேன். அதுதான் பாதுகாப்பு என்று நினைப்பு. அப்போது சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற கோடை. மூன்று தடவை கரண்ட் போனால் மூன்று தொட்டித் தண்ணீர் சாக்கடைக்கு!

புகார் வந்த ஒரு வீட்டுக்கு நானே போனேன். அந்த அம்மா காபி கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி, நீங்க படிச்சவங்கதானே? இந்த ஊர்ல கரண்ட் போகும், தண்ணி வராதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

பதில் இல்லை. "தொட்டியில் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பார்" என்று சில வரிகள் சேர்த்திருந்தால் போதும். ஆனால் எங்கே சேர்ப்பது? அது மாஸ்க் ஆர்.ஓ.எம். சிப். புரோகிராம் சிப்போடு சேர்ந்தே தொழிற்சாலையில் பிறந்துவிடும். பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. புகார் செய்தவர்களுக்கு மட்டும் போர்டையே மாற்றிக் கொடுத்தோம். புகார் செய்யத் தெரியாதவர்கள் வீட்டில் அந்த மெஷின் ஆயுள் முழுக்கத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும். அது இன்றுவரை என் மனசில் உறுத்துகிறது.

இன்று அந்தச் சாக்கு செல்லாது. தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா 1984-ல் அறிவித்த ஃபிளாஷ் நினைவகம் இப்போது சாதாரண சிப்பிலேயே வந்துவிட்டது. எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம். தூரமும் தடையில்லை. 1977-ல் கிளம்பிய வாயேஜர்-1 விண்கலத்தில் ஒரு நினைவகச் சிப் பழுதாகி, 2023 நவம்பரில் உளற ஆரம்பித்தது. 2024 ஏப்ரலில் பொறியாளர்கள் புரோகிராமைப் பிரித்து வேறு இடங்களில் வைத்துச் சரிசெய்தார்கள். தூரம் சுமார் 2,400 கோடி கிலோமீட்டர்! அதைத் திருத்த முடிகிறது, மயிலாப்பூர் மெஷினைத் திருத்த முடியவில்லை என்றால் குறை நம் வடிவமைப்பில்தான்.

ஆனால் ஒன்று. திருத்தமே ஆபத்தாகவும் முடியலாம். நெஸ்ட் என்ற வெப்பநிலைக் கருவிக்கு 2015 டிசம்பரில் அனுப்பிய திருத்தத்தில் கோளாறு. பாட்டரி தீர்ந்துபோய், 2016 ஜனவரிக் குளிரில் அமெரிக்காவில் பல வீடுகளில் ஹீட்டர் நின்றுவிட்டது. ஆகவே நான் பட்டுத் தெரிந்துகொண்ட நான்கு விஷயங்கள்:

ஒன்று, நினைவகத்தில் இரண்டு பிரதிகளுக்கு இடம் விடுங்கள். புது அடுப்பில் சாதம் வெந்த பிறகுதானே பழைய அடுப்பை இடிப்போம்? புதிய புரோகிராம் சரியாக ஓடாவிட்டால், மெஷின் தானாகவே பழையதற்குத் திரும்ப வேண்டும். செலவுக் கணக்கு பார்ப்பவர் முதலில் வெட்டுவது இந்த நினைவகத்தைத்தான். விடாதீர்கள்.

இரண்டு, வந்த திருத்தம் நம் கம்பெனியுடையதுதானா என்று டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்த பிறகே மெஷின் ஏற்க வேண்டும். முத்திரை இல்லாத பத்திரத்தை யார் வாங்குவார்கள்?

மூன்று, எல்லா வீட்டிலும் இன்டர்நெட் இருக்காது. மெக்கானிக் மெஷினைப் பிரித்துப் போடாமல் லேப்டாப்பைச் சொருக ஒரு சின்ன வாய் வையுங்கள். நெட் இல்லாவிட்டாலும் மெஷின் துவைக்க வேண்டும். கெய்சர் அளவு மீறிச் சூடானால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வேலையை மென்பொருளை மட்டும் நம்பி விடாதீர்கள். அதற்குத் தனியே கட்-அவுட் இருக்கட்டும்.

நான்கு, எத்தனை வருடம் திருத்தம் தருவோம் என்று விற்கும்போதே சொல்லுங்கள். 2016 அக்டோபர் 21 அன்று, மிராய் என்ற தீநிரல் பிடித்த காமிராக்களும் வீடியோ ரிக்கார்டர்களும் சேர்ந்து தாக்கியதில், ட்விட்டர் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் தடுமாறின. அவற்றில் சிலவற்றில் தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றவே வழி கிடையாது. இன்டர்நெட்டில் இணையும் வீட்டுப் பொருட்களுக்குக் குறைந்தது எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும் என்று தயாரிப்பாளர் அறிவித்தே ஆக வேண்டும் என பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டமே இருக்கிறது. சட்டம் வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

தம்பி தங்கைகளே, உங்கள் புராஜெக்டுக்கு ஒரே ஒரு பரீட்சை வைக்கிறேன். புதிய புரோகிராம் பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். மறுபடி செருகியதும் அது வேலை செய்தால் பாஸ். இல்லையென்றால், அந்த அம்மா உங்களுக்கும் ஒரு காபி கொடுப்பார்; அதே கேள்வியையும் கேட்பார்.